தன்னுருவம் தீட்டக் கற்பிப்போம்

ஒளிப்படத்தைக் கணிப்பொறியில் திருத்தக் கற்பிப்பது, மாணவர்க்குப் பொய்யைக் கற்பிப்பதாகாதா எனப் பெரியோர் சிலர் ஐயுறுவதுண்டு. ஐயம் நியாயமானதே. எனினும் நம் கருத்து வேறு.

படத்தைத் திருத்தும் வழக்கம் புதிதன்று. படச்சுருள் காலத்திலேயே ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவின்மீது பென்சிலால் தீட்டிக் கன்னத்து வடுவை மறைத்தனர். 1990இல் ஃபோட்டோஷாப் வெளிவந்தபின் அவ்வேலை மெல்ல மெல்லக் கணிப்பொறிக்கு மாறிற்று. இன்றோ கைப்பேசிகள் பலவற்றின் அழகூட்டும் வசதி, படம் எடுக்கும்போதே தோலை வழவழப்பாக்கி நிறத்தையும் வெளுத்துவிடுகிறது. மாணவன் எதையும் திருத்தவில்லை. அவன் முகம் மட்டும் திருத்தப்பட்டுவிட்டது! நாம் கற்பிக்காதிருந்தால் பொய் நின்றுவிடும் என்பது இனிப் பொருந்தாது.

ஆகவே தன்னுருவப் படத்தையே முதற்பயிற்சியாகத் தரலாம் என்கிறோம். சன்னலோர வெளிச்சத்தில், அழகூட்டும் வசதியை அணைத்துவிட்டுப் படம் ஒன்று எடுக்கட்டும். அதுவே அடிப்படம், அதில் கைவைத்தல் கூடாது. ஒளி, நிழல், நிறம், பின்புலம் என ஒவ்வொரு மாற்றத்தையும் லேயர் எனப்படும் தனித்தனி அடுக்காக மேலே அமைத்தல் வேண்டும். ஃபோட்டோஷாப்பில் 1994இல் வந்த இம்முறையின் அருமை யாதெனில், அடுக்கின் அருகிலுள்ள கண் போன்ற குறியைச் சொடுக்கினால் மாற்றம் மறைந்து பழைய முகம் தோன்றும். எது தன்னுடையது, எது தான் சேர்த்தது என்பதை மாணவன் தன் கண்ணாலேயே காண்கிறான். விலையின்றிக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளிலும் இவ்வசதி உண்டாதலின், செலவைக் காட்டித் தட்டிக்கழிக்கவும் இயலாது.

2002இல் ஃபோட்டோஷாப்பில் சேர்ந்த கருவி ஒன்றுக்கு ஹீலிங் பிரஷ், அதாவது புண்ணாற்றும் தூரிகை என்று பெயர். பக்கத்துத் தோலின் இழையைக் கொணர்ந்து மச்சத்தின்மேல் இட்டு, நிறத்தையும் பொருத்திவிடும். நன்று, ஆயின் மச்சத்தைப் புண் என்று சொன்னவர் யார்?

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தாம் மறைந்த 1669ஆம் ஆண்டிலும் தம்மைத் தீட்டினார். அறுபத்து மூன்று வயதின் சுருக்கமும் தளர்ந்த கன்னமும் அதில் அப்படியே உள்ளன. ஒளியை எங்கே வீழ்த்துவது, எதை இருளில் விடுவது என்பதை மட்டும் அவர் தெரிந்தெடுத்துக்கொண்டார். திருத்தத்திற்கும் புரட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க ஆசிரியர்க்கு இவ்வொரு படம் போதும்.

செய்முறையைக் கணிப்பொறித் துறையினர் கற்பிக்கட்டும். ஒவ்வோர் அடுக்கையும் ஏன் சேர்த்தான் என்று ஒரு பக்கம் எழுதவைக்கும் பொறுப்பைத் தமிழ்த்துறை ஏற்கவேண்டும். நிறத்தை வெளுத்தவனைக் கடிந்துகொள்ள வேண்டா. காரணத்தை எழுதச் சொன்னாலே போதும். அங்கேதான் அவன் பேனா தயங்கும்.

முகம் காட்ட விரும்பாத மாணவியரை இதில் வற்புறுத்தலாகாது. தையற்பொறியின்மேல் இருக்கும் கைகளும், சுவரில் விழும் நிழலும், படித்துத் தேய்ந்த நூலொன்றும் தன்னுருவமே. மதிப்பெண்ணும் அவற்றிற்குக் குறையலாகாது.