கலரைப் பார்த்து கிளவுஸ் வாங்காதீங்க

செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசு வாங்கப் போனா, எடை போடாம, கொக்கியை மாட்டிப் பார்க்காம காசு கொடுப்போமா? அதே ஊர்க்காரங்க நாம, டீமுக்கு கீப்பிங் கிளவுஸ்னா மட்டும் மொபைல்ல கலரைப் பார்த்து ஆர்டர் போட்டுடறோம்.

பேஸ்பால்ல ஃபீல்டிங் பண்ற எல்லாருக்கும் ஆளுக்கொரு கிளவுஸ் உண்டு. பந்து அதோட வலைக்குள்ள போய் உட்காரும். கிரிக்கெட் விதிப்படி கிளவுஸ் கீப்பருக்கு மட்டும்தான். வலையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல மட்டும்தான் இருக்கலாம். 156 முதல் 163 கிராம் வரை இருக்கிற பந்தை உள்ளங்கைதான் வாங்கணும்.

அதனால முதல்ல உள்ளங்கை ரப்பரை மடக்கிப் பாருங்க. விறைப்பா இருந்தா பந்து தெறிச்சு ஓடும். இன்னரைப் போட்டுக்கிட்டுத்தான் சைஸ் பாருங்க. விரல் நுனி நசுங்கவும் கூடாது, லொடலொடன்னு ஆடவும் கூடாது. விரல் நுனியில இருக்கிற கப், தையல் ரெண்டையும் அழுத்திப் பாருங்க. புதுசை நேரா மேட்சுக்குக் கொண்டு போகாம நெட்ஸ்ல பழக்குங்க. ஈரத்தோட பையில திணிக்காம நிழல்ல உலர்த்துங்க.

டென்னிஸ் பால் மட்டும் ஆடுறீங்கன்னா இவ்வளவு செலவே வேண்டாம். லெதர் பால்னா, காசு எல்லாரும் போடுங்க. கிளவுஸைத் தேர்வு பண்றது கீப்பரா இருக்கட்டும். வீங்கின விரலோட செமஸ்டர் பரீட்சை எழுதப் போறது கேப்டன் இல்ல, அவர்தான்.