ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா? ஷோரூம் போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



முதல் கார் வாங்கப் போற வீட்டுல இந்த விவாதம் கண்டிப்பா ஓடும். "கியர் போட்டு ஓட்டத் தெரியாதா? எதுக்கு தண்டச் செலவு?" என்பார் அப்பா. "ஓஎம்ஆர் டிராஃபிக்ல மேனுவலா? முட்டி போயிடும் மச்சி" என்பான் ஆபீஸ் நண்பன். ஷோரூம்ல இருக்கிறவரோ, "மாசம் ரெண்டாயிரம்கூட வராது சார்" என்று முடித்துவிடுவார்.

மூணு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா மூணு பேருக்குமே தெரியாத ஒரு நம்பர் இருக்கு. நீங்க வாரத்துக்கு எத்தனை மணி நேரம் டிராஃபிக்ல கிளட்ச் மிதிக்கப் போறீங்க? முடிவு அதுலதான் இருக்கு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அந்த நேரம் அதிகம்னா ஆட்டோமேட்டிக் ஆடம்பரம் இல்ல, தாராளமா வாங்கலாம். ஆனா அதுக்கான காசை லோனை நீட்டி எடுக்காதீங்க. வேற எதையாவது விட்டுக்கொடுத்து எடுங்க.

70,000 ரூபாய் வித்தியாசம், நிஜத்துல எவ்வளவு?

ஒரு உதாரணம் போடுவோம். மேனுவல் விலை 9 லட்சம், அதே வேரியன்ட் ஆட்டோமேட்டிக் 9.7 லட்சம். வித்தியாசம் 70,000. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரை உள்ள புது காருக்கு ஆயுள்கால சாலை வரி 13 சதவீதம். ஆக வித்தியாசம் 79,100. இதை 9 சதவீத வட்டியில் 5 வருஷ லோனில் போட்டால் இஎம்ஐ சுமார் 1,640 ரூபாய் கூடும். 5 வருஷத்துல மொத்தம் சுமார் 98,500. ஷோரூம்காரர் பொய் சொல்லல. மொத்தத்தைச் சொல்லல, அவ்வளவுதான்.

இப்போ அதே 70,000 வித்தியாசம், ஆனா மேனுவல் 9.7 லட்சம், ஆட்டோமேட்டிக் 10.4 லட்சம்னு வெச்சுக்குவோம். 2023 நவம்பர்ல மாத்தின வரி விகிதப்படி 10 லட்சத்தைத் தாண்டினா 18 சதவீதம். மேனுவலுக்கு வரி 1,26,100. ஆட்டோமேட்டிக்குக்கு 1,87,200. வரியில மட்டும் 61,100 கூடுது! 70,000 வித்தியாசம் 1,31,100 ஆயிடுச்சு. லோன்ல போட்டா இஎம்ஐ 2,720, மொத்தம் 1,63,000-க்கு மேல. இன்சூரன்ஸும் கொஞ்சம் ஏறும்.

அதனால எக்ஸ்-ஷோரூம் விலையை வெச்சு முடிவு பண்ணாதீங்க. ரெண்டு வேரியன்ட்டுக்கும் ஆன்-ரோடு விலையை எழுதி வாங்கிட்டு வாங்க. இன்னொரு விஷயம், உங்க சொந்த காருக்குக் கட்டுற லோன் வட்டிக்கு, சம்பளம் வாங்குற நமக்கு வருமான வரியில எந்தக் கழிவும் கிடையாது.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கொடுக்கறீங்க?

தினமும் போக வர ஒன்றரை மணி நேரம் நெரிசல்ல ஓட்டறீங்க, வருஷத்துக்கு 240 நாள். அப்போ 360 மணி நேரம், 5 வருஷத்துல 1,800. முதல் உதாரணத்தின்படி ஒரு மணி நேரத்துக்கு சுமார் 55 ரூபாய். 10 லட்சத்தைத் தாண்டின உதாரணத்துல சுமார் 90. அலுத்துக் களைச்சு வீட்டுக்கு வர்ற நேரத்துல இடது காலுக்கு ஓய்வு, மணிக்கு 55 ரூபாய். என்னைக் கேட்டா இது நல்ல டீல்.

ஆனா நம்மள்ல நிறைய பேர் ஆபீஸுக்கு கேப்லயோ மெட்ரோவுலயோ போறோம், இல்ல வாரத்துல மூணு நாள் வீட்டுலேர்ந்தே வேலை. கார் எடுக்கறது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், பொங்கல் தீபாவளிக்கு ஊருக்கும்தான். வாரத்துக்கு 2 மணி நேர டவுன் ஓட்டம்னா, 5 வருஷத்துல 520 மணி நேரம். அதே ஆட்டோமேட்டிக் இப்போ மணிக்கு 190 முதல் 315 ரூபாய். நீங்க மேனுவல் வாங்குங்க. மிச்சத்தை எமர்ஜென்சி ஃபண்டுல போடுங்க.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒண்ணு இல்ல

குறைஞ்ச விலையில கிடைக்கறது ஏஎம்டி. 2014-ல மாருதி செலேரியோ மூலமா இங்க பரவலான டெக்னாலஜி இது. உள்ளே இருக்கறது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் உங்களுக்குப் பதிலா மோட்டாரோ ஹைட்ராலிக்கோ இயக்கும். மைலேஜ் மேனுவலை ஒட்டியே வரும். கியர் மாறும்போது லேசா தலையாட்டும். கிளட்ச் பிளேட் இதுலயும் தேயும்.

டார்க் கன்வெர்ட்டர் பழைய, நம்பகமான முறை. சிவிடி வழுக்கிட்டுப் போற மாதிரி ஸ்மூத். டிசிடி-ல ரெண்டு கிளட்ச், கியர் வேகமா மாறும். ஆனா டிரை கிளட்ச் டிசிடி-யை ஊர்ந்து போற டிராஃபிக்ல தினமும் ஓட்டினா சூடாகும். இந்த மூணுலயும் விலை வித்தியாசம் பொதுவா லட்சத்தைத் தாண்டும், கியர்பாக்ஸ்ல பெரிய ரிப்பேர் வந்தா பில்லும் பெருசா வரும். பழைய கார் பார்க்கறவங்க, வாரண்டி முடிஞ்ச சிவிடி, டிசிடி வண்டியை முழு சர்வீஸ் ரெக்கார்டு இல்லாம தொடாதீங்க.

மைலேஜ் கணக்கும் போட்டுடுங்க. வருஷம் 10,000 கிலோமீட்டர். மேனுவல் லிட்டருக்கு 16, ஆட்டோமேட்டிக் 14 கொடுத்தா, 89 லிட்டர் கூடுதல். லிட்டர் 100 ரூபாய்னா வருஷத்துக்கு 8,900. ஏஎம்டி-ல இந்தச் செலவு பெருசா வராது. நமக்கு ஏஎம்டி போதும்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்குல வராத ஒண்ணு

நான் மைலேஜ் பார்த்து மேனுவல்தான் வாங்கினேன். வேளச்சேரியிலிருந்து சிறுசேரி வரை தினசரி ஓட்டம். 42,000 கிலோமீட்டர்ல கிளட்ச் மாத்தினேன், பில் 11,000 சொச்சம். அதுகூடப் பரவாயில்ல.

என் மனைவிக்கு லைசென்ஸ் இருக்கு. ஆனா மேம்பாலம் ஏறும்போது வண்டி நின்னு பின்னாடி உருண்டுடுமோன்னு பயம். அதனால வண்டியை எடுக்கவே இல்ல. ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி. நான் பெங்களூருல. கார் கீழ நிக்குது, சாவி ஆணியில தொங்குது. அவங்க தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடிச்சுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. நல்ல வேளை, அப்பா நல்லா இருக்கார். ஆனா அன்னைக்குத்தான் புரிஞ்சுது, 8 லட்சம் போட்டு நான் வாங்கினது ஒரே ஒரு ஆள் ஓட்டற கார்னு.

அதனால டெஸ்ட் டிரைவ் போகும்போது வீட்டுல ஓட்டப் போற எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. ஒரு ஏத்தத்துல நிறுத்தி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. ஏஎம்டி-யும் ஏத்தத்துல பின்னாடி உருளலாம், அதனால ஹில் ஹோல்டு இருக்கான்னு கேளுங்க.

காசு எங்கேர்ந்து வரணும்?

நம்ம சேனல்ல அடிக்கடி சொல்ற 20-4-10 ஞாபகம் இருக்கா? 20 சதவீதம் முன்பணம், 4 வருஷ லோன், கார் செலவு சம்பளத்துல 10 சதவீதத்துக்குள்ள. மேல போட்ட 5 வருஷக் கணக்கு ஊர் வழக்கம். முடிஞ்சா 4-லயே முடிங்க. ஆட்டோமேட்டிக் வாங்க லோனை 7 வருஷமா நீட்டறவங்களைப் பார்க்கறேன். முட்டியைக் காப்பாத்தப் போய் கழுத்துல சுமையை ஏத்திக்கறாங்க.

டாப் எண்ட் மேனுவலுக்குப் பதிலா மிட் வேரியன்ட் ஆட்டோமேட்டிக் பாருங்க. சென்னை வெயில்ல சன்ரூஃபை வருஷத்துல எத்தனை நாள் திறப்பீங்க? அலாய் வீல் எதிர்வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். கிளட்ச் மட்டும் ஒவ்வொரு சிக்னல்லயும் உங்க காலுக்குத் தெரியும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. நீங்க டிராஃபிக்ல இருக்கற நேரத்தை 7 நாளைக்கு போன்ல குறிச்சு வைங்க. 5 வருஷத்துக்குப் பெருக்கி, கூடுதல் செலவை அதால வகுத்துப் பாருங்க. வர்ற தொகையை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சந்தோஷமா கொடுப்பீங்கன்னா ஆட்டோமேட்டிக், கை நடுங்குதுன்னா மேனுவல். எதுவா இருந்தாலும், முடிவு பண்ணிட்டு ஷோரூம் போங்க. ஷோரூம் போய் முடிவு பண்ணாதீங்க.