நாணயத்தில் முகம், கிடப்பில் அறிக்கை

வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் 2023 செப்டம்பர் 28 அன்று தமது 98ஆவது வயதில் சென்னையில் மறைந்தார். அவருக்காகத் துக்கம் அனுசரிக்க உழவர்களுக்கு உரிமை இருந்தது. தில்லியின் எல்லைகளில் ஓராண்டுக்கும் மேலாகக் குளிரிலும் வெயிலிலும் கிடந்து மூன்று வேளாண் சட்டங்களை முறியடித்தவர்கள், தங்கள் தலையாய கோரிக்கையை அவருடைய பெயரைச் சொல்லியே முழங்கினார்கள். ஓர் அறிவியலாளரின் பெயர் போராட்ட முழக்கமாவது இந்நாட்டில் அபூர்வம். அவருக்கு அதைவிடப் பெரிய விருது வேறில்லை.

அதே நாளில் ஒன்றிய ஆட்சியாளர்களும் கண்ணீர் சிந்தினார்கள். இந்தக் கண்ணீரின் வரலாற்றைத்தான் நாம் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2004 நவம்பரில் அமைக்கப்பட்ட தேசிய விவசாயிகள் ஆணையத்தின் தலைவராக இருந்து, 2006 அக்டோபருக்குள் ஐந்து அறிக்கைகளை அவர் அளித்தார். குறைந்தபட்ச ஆதரவு விலை, உற்பத்திச் செலவைவிடக் குறைந்தது 50 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் பரிந்துரை. அன்றைய காங்கிரஸ் தலைமையிலான அரசு அதை நிறைவேற்றவில்லை. 2014 தேர்தல் அறிக்கையில் பாஜக அதை வாக்குறுதியாக்கியது. ஆட்சிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 2015 பிப்ரவரியில், அப்படி உயர்த்தினால் சந்தை சீர்குலையும் என்று உச்சநீதிமன்றத்தில் வாக்குமூலம் தாக்கல் செய்தது. பின்னர் 2018 பட்ஜெட்டில், வாக்குறுதியை நிறைவேற்றிவிட்டதாக அறிவித்தது! எப்படி? செலவைக் கணக்கிடும் அளவுகோலைச் சுருக்கிக்கொண்டது. கைக்காசுச் செலவும் குடும்ப உழைப்பின் மதிப்பும் மட்டுமே கணக்கில் வந்தன. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பும் மூலதனத்தின் வட்டியும் சேர்ந்த முழுச் செலவான 'சி2' கைவிடப்பட்டது.

அவர் மறைந்த ஆண்டின் காரிஃப் பருவத்தையே எடுத்துக்கொள்வோம். சாதாரண ரக நெல்லுக்கு அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,183 ரூபாய். அரசின் விலை ஆணையமே மதிப்பிட்ட சி2 செலவு 1,911 ரூபாய். அதன் ஒன்றரை மடங்கு 2,866 ரூபாய் 50 காசு. ஒவ்வொரு குவிண்டாலிலும் 683 ரூபாய் 50 காசு உழவரின் மடியிலிருந்து போயிற்று. அதுவும் அறிவித்த விலைக்கே கொள்முதல் நடந்தால்தான்.

2024 பிப்ரவரி 9 அன்று பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. நான்கே நாட்களில், ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டு தில்லி நோக்கி வந்த விவசாயிகள்மீது ஷம்பு எல்லையில் கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வீசப்பட்டன, டிரோன்கள்கூடப் பயன்படுத்தப்பட்டன. அதே நாளில் தில்லி பூசாவில் விருதைக் கொண்டாடும் நிகழ்ச்சி. அதில் பேசிய அவரது மகள், பொருளாதார அறிஞர் மதுரா சுவாமிநாதன், விவசாயிகள் குற்றவாளிகள் அல்லர், அன்னமிடுவோரான அவர்களோடு பேச வேண்டும் என்றார். மேடைக்காரர்களுக்கு அது எப்படிச் சுட்டிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2025 ஆகஸ்ட் 7 அன்று நூற்றாண்டு விழா. பிரதமர் நினைவு நாணயமும் அஞ்சல்தலையும் வெளியிட்டு, விவசாயிகளின் நலனில் சமரசம் இல்லை, அதற்காகச் சொந்த முறையில் விலை கொடுக்கவும் தயார் என்று முழங்கினார். பன்னிரண்டு நாட்கள் கழிவதற்குள் பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரி நீக்கப்பட்டது. அச்சலுகை பிறகு டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. புதிய பருத்தி சந்தைக்கு வந்து சேரும் மாதங்கள் அவை. விலை கொடுத்தவர் யார் என்பதைப் பருத்தி விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். அஞ்சல்தலைக்கு மட்டும் நமது ஆட்சியாளர்களிடம் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. கோதுமைப் புரட்சிக்கு 1968லேயே ஒன்று வெளியிட்டார்கள்.

அவரது மறைவின்போது வேறொரு குரலும் கேட்டது: மண்ணையும் நீரையும் கெடுத்தவர் அவரே என்பது. பசுமைப் புரட்சியின் பலன் பாசன வசதியுள்ள பகுதிகளில் குவிந்ததும், பஞ்சாபின் நிலத்தடி நீர் வற்றியதும் மறுக்க முடியாதவை. ஆனால் நிலச்சீர்திருத்தத்தைத் தொடாமலே விளைச்சலைப் பெருக்கிக்கொள்ளலாம் என்பது ஆளும் வர்க்கங்களின் தேர்வு. அதை ஒரு மரபியலாளரின் தலையில் சுமத்துவது, சுமக்க வேண்டியவர்களைத் தப்பவிடுவதாகும். மண்வளத்தைப் பேணாத தீவிர சாகுபடி பாலைவனத்தில்தான் முடியும் என 1968 ஜனவரியில், வாரணாசி அறிவியல் மாநாட்டில், அவரே எச்சரித்தார். அந்தக் கோதுமை விதைகள் பொதுத்துறை ஆய்வின் விளைச்சல் என்பதையும் மறக்கக்கூடாது. அவர் தலைமை இயக்குநராக இருந்த இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், அவர் மறைந்த அதே செப்டம்பரில், பன்னாட்டு நிறுவனமான பேயருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது.

நமது கூட்டங்களிலும் ஆணையத்தின் விலைப் பரிந்துரை மட்டுமே பேசப்படுகிறது. உபரி நிலத்தை நிலமற்றோருக்கு வழங்கவும், விளைநிலம் கார்ப்பரேட்டுகளின் கைக்குப் போவதைத் தடுக்கவும், பொது விநியோக முறையை அனைவருக்குமாக்கவும் அது கூறியது. பட்டா இல்லாத பெண்ணும் விவசாயியே என்ற நோக்கில், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, பெண் விவசாயிகளின் உரிமைகளுக்காக ஒரு தனிநபர் மசோதாவையும் சுவாமிநாதன் கொண்டுவந்தார். 2013இல் அவரது பதவிக்காலத்தோடு அதுவும் காலாவதியாயிற்று. இன்றுவரை அது சட்டமாகவில்லை.