வைரஸ் ஜீன்னா அலறணுமா?

குன்னூர் சிம்ஸ் பார்க் போனவங்க பக்கத்துலயே பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைப் பார்த்திருப்பீங்க. 1907ல் ஆரம்பிச்சது. தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு பெருசுங்க மிரட்டுவாங்களே, ஆட்டு மூளையில தயாரிச்ச அந்த மருந்து அங்கேயும் தயாரானதுதான். (அது நாடு முழுக்க நின்னது 2004ல்.) ஊட்டி புதுமந்துல இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் அபய்ராப் தயாரிக்குது. ஆக, வெறிநாய்க்கடி மருந்துல நீலகிரிக்கு நூறு வருஷப் பழக்கம்.

இதே கம்பெனி பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தோட சேர்ந்து ரேபிஸுக்கு டி.என்.ஏ தடுப்பூசி ஆராய்ச்சியும் பண்ணியிருக்கு. டி.என்.ஏவோட கொஞ்சம் செத்த வைரஸையும் கலந்தாங்க. ஏன்னா வெறும் டி.என்.ஏ எலிக்கு நல்லா வேலை செய்யும், பெரிய உடம்புன்னா சோம்பிடும். 2021ல் அனுமதி வாங்கின சைகோவ்-டி (மனுஷங்களுக்கான உலகத்தின் முதல் டி.என்.ஏ தடுப்பூசி, நம்ம ஊர் சரக்கு!) ஒரு டோஸுக்கு 2 மில்லிகிராம், அதுவும் மூணு டோஸ். ஃபைசர் எம்.ஆர்.என்.ஏ ஊசியில இருந்தது 30 மைக்ரோகிராம்தான்.

இந்தச் சோம்பலுக்கு மருந்து இன்னொரு வைரஸ்கிட்ட இருக்கு. சிக்குன்குனியாவோட தூரத்துச் சொந்தம், சிண்ட்பிஸ். அதுல நகலெடுக்கிற ஜீன்களை மட்டும் உருவி, ரேபிஸ் புரத ஜீனோட ஒட்டிடறாங்க. செல்லுக்குள்ள போனதும் அது ஆர்.என்.ஏவை மளமளன்னு நகலெடுக்கும். 'திருடன் வந்துட்டான்'னு செல்லும் அலாரம் அடிக்கும். வைரஸோட கூடு கட்டற ஜீன்களை வெட்டி எறிஞ்சாச்சு, அதனால புது வைரஸ் பிறக்காது. இஸத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துல 2008லயே இதைச் செஞ்சு எலிகளை முழுசாக் காப்பாத்திட்டாங்க.

வைரஸ் ஜீனை உடம்புல ஏத்தறதான்னு கேட்கறவங்களுக்கு: ஆட்டு மூளையை ஏத்தினப்ப சிலருக்குப் பக்கவாதமே வந்தது. அதைவிட இது எவ்வளவோ சுத்தம். டி.என்.ஏ நம்ம குரோமோசோமில் ஒட்டிக்குமாங்கற கேள்வி நியாயமானது, சோதிச்சுத்தான் ஆகணும்.

அதனாலதான் முதல்ல நாய்க்குன்னு சொல்றேன். இப்ப இருக்கிற நாய் ஊசி நல்ல ஊசிதான், ஆனா ஐஸ் பெட்டியோட எஸ்டேட் லயன் லயனா ஏறணும். டி.என்.ஏ சூடு தாங்கும். குறைஞ்ச அளவுல ஒரே ஊசியா வேணும், அவ்வளவுதான். வலை போட்டுப் பிடிச்ச தெருநாய் ரெண்டாவது டோஸுக்குத் தானா வந்து நிக்குமா என்ன? :-) குன்னூரும் ஊட்டியும் இதைக் கையில எடுக்கலாமே. கால்நடை டாக்டர் பதிவர்கள் யாராவது இருந்தா சொல்லுங்க, எங்க இடிக்குது?