சுவருக்குள் புதையும் பணம்

குப்பத்தில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைவாசலில் கலந்து ஒலிக்கும் அந்த எல்லைச் சீமையிலும் சரி, பெங்களூரிலும் சரி, புதுமனை கட்டுவோரிடம் அடிக்கடி கேட்கும் அபிப்பிராயம் ஒன்று உண்டு: பூச்சுக்குள் மறைந்த ஸ்பீக்கர் கேபிளைப் பின்னால் மாற்ற இயலாதாகையால், கிடைப்பதிலேயே விலை உயர்ந்ததை இப்போதே வாங்கிப் புதைத்துவிடுவதுதான் விவேகம் என்பது. இவ்வாதத்தின் அஸ்திவாரமே பலவீனமானது. மாற்ற இயலாமை கேபிளின் குணமன்று. பைப் போடாமல் கம்பியை வெறுமனே காடியில் வைத்துப் பூசிவிடும் சோம்பலின் பலன். முக்கால் அங்குலப் பிவிசி பைப்பை, திருப்பங்களில் குறுகிய எல்போவுக்குப் பதிலாக அகன்ற பெண்டு வைத்துப் பதித்து, பூசுவதற்கு முன்பே ஸ்பிரிங் விட்டுப் பார்த்துவிட்டால், பத்தாண்டு கழித்தும் பழைய கம்பியின் வாலில் புதியதைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

ஆக்சிஜன் நீக்கிய தாமிரம் என்ற மகாமந்திரத்தை அடுத்தபடியாக ஓதுவார்கள். சாதாரண மின்தாமிரத்துக்கும் அதற்கும் கடத்துதிறனில் உள்ள பேதம் நூற்றுக்கு ஒன்றளவே. ஆயினும் மலிவுச் சரக்கை நம்பக்கூடாது என்னும் அளவில் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. தாமிரம் பூசிய அலுமினியத்தைத் தாமிரமென்றே விற்பவர்கள் இருக்கிறார்கள். பிளேடால் சுரண்டினால் வெண்மை காட்டிக்கொடுத்துவிடும்.

கம்பி பருக்கப் பருக்க நாதம் செழிக்கும் என்பதைக் கணக்கே மறுக்கிறது. ஐம்பதடி தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியை விட்டால், போகவும் வரவுமான நூறடிக்கும் சேர்த்துத் தடை கால் ஓமுக்கும் குறைவு. எட்டு ஓம் ஸ்பீக்கரில் அதனால் நேரும் நஷ்டம் ஏறத்தாழக் கால் டெசிபல். ஒரு டெசிபல் வித்தியாசத்தையே நம் செவி பிரயாசைப்பட்டுத்தான் உணர்கிறது. கல்யாண மண்டபம்போல் தூரம் மிகுந்த இடத்திலோ, கம்பியைப் பருக்கவைப்பதினும் மின்னழுத்தத்தை உயர்த்துவதே சாஸ்திரீயமான உபாயம். குப்பத்துக்கு அண்டையிலுள்ள கோலார் தங்கவயலுக்கு, 1902-இல், சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கடந்து வந்ததும் இந்த உபாயத்தால்தான். மண்டபத்தின் 100 வோல்ட் லைனில் பத்து வாட் ஸ்பீக்கர் இழுப்பது ஓர் ஆம்பியரில் பத்திலொரு பங்கு. அதே பத்து வாட் நேரே எட்டு ஓம் ஸ்பீக்கருக்குச் செல்ல ஓர் ஆம்பியருக்கு மேல் வேண்டும்.

இடவல ஸ்பீக்கர்களுக்குக் கேபிள் நீளம் சமமாயிராவிட்டால் ஓசை முன்பின்னாக வருமாம்! பத்து மீட்டர் மிகுதியைக் கடக்க மின்சைகைக்கு ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது. கேட்பவர் தலையை ஒரு விரற்கடை அசைத்தாலே அதைவிடப் பன்மடங்கு பேதம் உண்டாகிறது.

இத்தனை சிரத்தையோடு கேபிள் தேர்ந்தவர்களே, இன்னொரு காடி வெட்டும் கூலியை மிச்சப்படுத்த, அதை 230 வோல்ட் வயரோடு ஒரே பைப்பில் திணிக்கச் சம்மதிப்பதுதான் விசித்திரம். உறை பழுதுபட்டால் வீட்டு மின்சாரம் ஆம்பிளிஃபயர்வரை பாயும். மைக் கேபிளாயின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அன்றே ஏறிவிடும். தனிப் பைப், ஓரடி இடைவெளி, குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடத்தல் ஆகிய மூன்றுக்கும் செலவு சொற்பம்.

‘குப்பம் கிரீன்’ என்னும் கிரானைட் கிடைக்கும் அந்தப் பிரதேசத்தில் கருங்கற் சுவர் எழுப்பிய பழைய வீடுகளில் காடி வெட்டும் பேச்சுக்கே இடமில்லை. அங்கே உத்தரத்தை ஒட்டிப் பிளாஸ்டிக் கேசிங் பட்டியைப் பொருத்தி அதற்குள் கம்பியை விடலாம். பார்வைக்கு அழகு குறையும் என்பது வாஸ்தவந்தான், ஆனால் எலி கடித்த இடத்தைக் காண மூடியைக் கழற்றினால் போதும்.