பச்சையாக விற்பதா, காயவைத்து விற்பதா?



கண்டி மாவட்டத்தில் கால் ஏக்கர் வீட்டுத்தோட்டத்திலும் பலா, தென்னை, கராம்பு, சாதிக்காய் எல்லாம் கலந்து நிற்கும். அந்த மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். உடுநுவர, கலகெதரப் பக்கங்களில் பல குடும்பங்களுக்குக் கைச்செலவுக்கு உதவுவது இந்தக் கொடிதான். கணவனை இழந்து குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்களும் இவர்களில் உள்ளனர்.

நான் சந்திக்கும் பெண்களிற் பலர், வாசலுக்கு வரும் வியாபாரிக்கு மிளகைப் பச்சையாகவே நிறுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். "பிள்ளையின் வகுப்புக் காசு நாளைக்குக் கட்டவேணும் மிஸ், காயுமட்டும் எப்படிப் பொறுக்கிறது?" என்று ஒரு சகோதரி கேட்டார். கேள்வி நியாயமானது. எனவே முதலில் கணக்கைப் பார்ப்போம்.

ஏறக்குறைய மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும். கணக்குக்காகப் பச்சை மிளகு கிலோ 300 ரூபா, காய்ந்தது 1200 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோவைப் பச்சையாக விற்றால் 9000 ரூபா. காயவைத்தால் 10 கிலோ, 12,000 ரூபா. வித்தியாசம் 3000 ரூபா. விலை நாளுக்கு நாள் மாறும். ஆனால் விதி ஒன்றே: பச்சை விலையை மூன்றால் பெருக்குங்கள். காய்ந்த விலை அதைவிட எவ்வளவு கூட என்று பாருங்கள். அந்த மிச்சம் உங்கள் உழைப்புக்குப் போதுமானதென்றால் காயவையுங்கள். இல்லையென்றால் பச்சையாகவே விற்கலாம்.

தரமும் விலையைத் தீர்மானிக்கும். ஒரு லீட்டர் பாத்திரத்தில் கொள்ளும் மிளகின் எடையைக் கொண்டே பெரிய வியாபாரிகள் தரம் பிரிக்கிறார்கள். 550 கிராம் நிறுத்தால் நல்ல மிளகு. களவுக்குப் பயந்து முற்றாமல் பறித்தால் மணி சோடையாகி எடை குறையும். கதிரில் ஒன்றிரண்டு மணி சிவந்த பிறகு பறியுங்கள். கொதிநீரில் ஒரு நிமிடமளவு அமிழ்த்தி எடுத்தால் நிறம் கறுத்து வரும், கிருமிகளும் குறையும். வெறுந்தரையில் பரப்பாமல் பாயில் காயவையுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

சரி, நாளைய காசுக்கு என்ன வழி? முழுவதையும் காயவைக்க வேண்டியதில்லை. அவசரத்துக்கு வேண்டிய அளவை மட்டும் பச்சையாக விற்று, மீதியைக் காயவையுங்கள். கூடுமானவரை வியாபாரியிடம் முற்பணம் வாங்காதீர்கள். முற்பணம் வாங்கியபின் விலை சொல்லும் உரிமை உங்கள் கையில் இருக்காது. அயலிலுள்ள ஐந்தாறு பெண்கள் சேர்ந்து சிறு சீட்டொன்று பிடித்தால், அறுவடை நேரத்தில் அந்தக் காசு கைகொடுக்கும். அதே பெண்கள் காய்ந்த மிளகை ஒன்றாகச் சேர்த்தால் 50, 60 கிலோ சேரும். அப்போது இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டுப் பேரம் பேசலாம்.

ஆலோசனைக்கு அரச உதவியும் உண்டு. பேராதனையில் தலைமையகம் கொண்ட ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் 1972 முதல் இத்தகைய பயிர்களுக்காக இயங்கி வருகிறது. உங்கள் பகுதிக்குரிய விரிவாக்க உத்தியோகத்தரைக் கண்டு, கன்று பற்றியும் உலர்த்தும் முறை பற்றியும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

மிளகு இல்லாத இடத்திலுள்ள சகோதரிகளே, கச்சானுக்கும் செத்தல் மிளகாய்க்கும் இதே கணக்குப் பொருந்தும். காய்ந்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதை ஒரு முறை நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பியே போதும். பசளைக்குச் செலவு, கூலி, பறித்த கிலோ, விற்ற விலை என நான்கு நிரல் போடுங்கள். நீங்கள் உழைத்த நாட்களையும் கூலியாகவே எழுதுங்கள். நம் உழைப்பைக் கணக்கில் சேர்க்காததால்தான் நட்டம்கூட நமக்கு இலாபமாகத் தெரிகிறது. அடுத்த முறை வியாபாரி தராசோடு வரும்போது, கொப்பியைப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.