40 அடி உயரத்தில் ஏறும் லைட்மேனுக்கு யார் பொறுப்பு?

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் காலை மின்சார ரயில் வந்து நின்றதும் இரண்டு கூட்டம் எதிரெதிரே கடக்கும். சிப்காட் ஷிஃப்ட்டுக்கு வந்து இறங்குகிறவர்கள் ஒரு பக்கம், சென்னைக்கு ஏறுகிறவர்கள் இன்னொரு பக்கம். அப்பா இங்கே ஒரு ரோலிங் மில்லில் ஃபிட்டர். நான் சென்னையில் சினிமா படிக்கும் மாணவன்.

எங்கள் கிளாஸில் சினிமா செய்தி என்றால் ஓடிடி விலை, முதல் நாள் வசூல், ஹீரோ சம்பளம். வீட்டில் அப்படி இல்லை. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லி அருகே குத்தம்பாக்கத்தில் 152 ஏக்கரில், 500 கோடி ரூபாயில் நவீன திரைப்பட நகரம் வரப்போகிறது என்ற அரசு அறிவிப்பை அப்பாவிடம் ஆசையாகச் சொன்னேன். எல்.இ.டி. சுவர், வி.எஃப்.எக்ஸ், அனிமேஷன் எல்லாம் வருமாம் என்றேன். கேட்டுவிட்டு அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அங்க சேஃப்டி ஆபீசர் இருப்பாராடா?"

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன்.

என்ன நடந்திருக்கிறது?

2020 பிப்ரவரி 19 இரவு. பூந்தமல்லி அருகே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து விழுந்தது. படக்குழுவைச் சேர்ந்த மூன்று பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள்.

2023 ஜனவரி. கும்மிடிப்பூண்டி அருகே ஏ.ஆர்.ரஹ்மானுக்குச் சொந்தமான ஸ்டுடியோவில், சுமார் 40 அடி உயரத்தில் விளக்கு அமைக்கும் வேலையில் இருந்த லைட்மேன் ஒருவர் விழுந்து இறந்தார். எங்கள் ஊரில் இரண்டு நாள் பேச்சு அதுதான்.

2024 ஜூலை. சாலிகிராமத்தில் 'சர்தார் 2' சண்டைக்காட்சி வேலையின்போது ஸ்டன்ட் கலைஞர் ஒருவர் சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுந்து உயிரிழந்தார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2025 ஜூலையில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் 'வேட்டுவம்' படத்தின் கார் ஸ்டன்ட்டில் இன்னொருவர்.

நான்கில் இரண்டு சம்பவம் எங்கள் மாவட்டத்தில். நான்கில் இரண்டு, உயரத்திலிருந்து விழுந்தது. சிப்காட் பாஷையில் இதற்குப் பெயர் 'ஒர்க் அட் ஹைட்'. அப்பா மில்லில் கூரை ஷீட் மாற்ற ஏறினால்கூட முதலில் பெர்மிட் தாளில் கையெழுத்து, அப்புறம் பெல்ட், பெல்ட்டை மாட்ட ஒரு கம்பி. "பெல்ட் இல்லாம ஏறினா அன்னிக்கே கேட்டுக்கு வெளியதான்" என்பார். வேலை ஒன்றேதான், ஏறுகிற இடம்தான் வேறு.

சினிமா கைகொடுக்கவில்லையா?

கொடுத்தது, அதை மறைக்கக் கூடாது. 'இந்தியன் 2' விபத்துக்குப் பிறகு கமல்ஹாசன் 1 கோடி ரூபாய் அறிவித்தார். லைட்மேன்களுக்கு நிதி திரட்ட ரஹ்மான் 2023 மார்ச்சில் சென்னையில் இசை நிகழ்ச்சியே நடத்தினார். 'வேட்டுவம்' விபத்துக்குப் பிறகு, இந்தி நடிகர் அக்‌ஷய் குமார் 600-க்கும் மேற்பட்ட ஸ்டன்ட் கலைஞர்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்ததாகச் செய்தி வந்தது.

நல்ல மனசு, சந்தேகமே இல்லை. ஆனால் இந்த உதவிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. எல்லாமே யாரோ ஒருவரின் மனசைப் பொறுத்து வந்தவை. பெரிய நடிகர் இல்லாத, பட்ஜெட் இல்லாத ஒரு படத்தில் இதே விபத்து நடந்தால்? அந்தக் குடும்பத்துக்கு யார் நிகழ்ச்சி நடத்துவார்கள்?

பொறுப்பு ஏன் நழுவுகிறது?

மில்லில் ஏதாவது நடந்தால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமில்லை. ஆலைக்குப் பொறுப்பாளர் யார், மேனேஜர் யார் என்று அரசிடம் பெயர் இருக்கிறது. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் போட்ட அடித்தளம் அது. விழ வாய்ப்புள்ள உயரத்தில் வேலை என்றால் தடுப்போ வேறு பாதுகாப்போ இருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது.

ஷூட்டிங்கில் பாருங்கள். இடம் ஸ்டுடியோக்காரருடையது. கிரேன் வாடகைக்கு வந்தது, ஆபரேட்டரோடு சேர்த்து. லைட்டுகள் அவுட்டோர் யூனிட்டுடையது. லைட்மேன் சங்கத்தின் வழியாக வந்தவர். பணம் தயாரிப்பாளருடையது. "இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க" என்று சொல்வது கேமராமேனோ இயக்குநரோ. ஒரே மனிதரின் தலைக்கு மேல் ஐந்து முதலாளிகள்! ஏதாவது நடந்தால் ஒருவர்கூட முழு முதலாளி இல்லை.

'இந்தியன் 2' விஷயத்தில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. பாதுகாப்பு, இன்சூரன்ஸ் பற்றித் தயாரிப்பு நிறுவனத்துக்குக் கமல் கடிதம் எழுதினார். படப்பிடிப்பு உங்கள், இயக்குநரின் மேற்பார்வையில்தானே நடந்தது என்ற பொருளில் நிறுவனம் பதில் எழுதியது. யார் சொன்னது சரி என்பது இங்கே கேள்வி இல்லை. அத்தனை பெரிய படத்திலேயே, பொறுப்பு யாருடையது என்று விபத்துக்குப் பிறகு பேச வேண்டியிருந்தது என்பதுதான் விஷயம்.

இழப்பீட்டுக்குச் சட்டமே இல்லையா?

இருக்கிறது. 1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே சினிமா தயாரிப்பு வேலை இடம்பெற்றிருந்தது. இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. கணக்கு எளிது: இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. எவ்வளவு சம்பாதித்தாலும் கணக்குக்கு மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று 2020-ல் வரம்பு வைத்தார்கள். அதன்படி பார்த்தால் சுமார் 13.8 லட்சம் ரூபாய் வரும்.

கோடிகளைப் பற்றிப் பேசும் துறைக்கு இது சின்னத் தொகைதான். ஆனால் இது உரிமை, யாருடைய தயவும் வேண்டாம். சிக்கல் எங்கே என்றால், கால்ஷீட் கணக்கில் இன்று ஒரு படம், நாளை இன்னொரு படம் என்று போகிறவரிடம் 'நான் இவரிடம் வேலை செய்தேன்' என்று காட்ட ஒரு தாள்கூட இல்லாமல் போகலாம்.

புதிய சட்டத்தில் என்ன மாறுகிறது?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அதில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு சினிமாவுக்கு முக்கியம். 1981-ம் ஆண்டு சினிமா தொழிலாளர் சட்டம் முழுநீளக் கதைப் படங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. புதியது சீரியல், வெப் சீரிஸ், விளம்பரம், ரியாலிட்டி ஷோ வரை போகிறது.

- எழுத்து ஒப்பந்தம்: தொழிலாளியிடம் ஒப்பந்தம் போடாமல் வேலை வாங்கக் கூடாது. சம்பளம், வேலை நேரம், பாதுகாப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மூலம் வந்தவருக்கும் இது உண்டு.
- விபத்துத் தகவல்: மரணமோ, 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயமோ ஏற்பட்டால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.
- தண்டனை: பாதுகாப்புக் கடமையைச் செய்யாததால் மரணம் நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

ஓட்டையும் உண்டு. சம்பளம் ஒரு வரம்புக்குள் இருப்பவர்தான் இந்தச் சட்டப்படி 'ஆடியோ-விஷுவல் தொழிலாளி'. இன்னொன்று, அப்பா கேட்ட சேஃப்டி ஆபீசர். 500 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை, 250 பேர் உள்ள அபாயகரமான ஆலை அல்லது கட்டுமானப் பணி, 100 பேர் உள்ள சுரங்கம் ஆகிய இடங்களில் அவர் கட்டாயம். இந்தப் பட்டியலில் ஷூட்டிங் இல்லை.

ஆக, அப்பாவுக்குப் பதில்: குத்தம்பாக்கத்தில் எத்தனை செட் போட்டாலும், அந்த செட்டுகளுக்குச் சேஃப்டி ஆபீசர் சட்டப்படி கட்டாயமில்லை.

வெளியே எப்படி?

2021 அக்டோபரில் அமெரிக்காவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் துப்பாக்கி வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். நியூ மெக்சிகோ மாநிலத்தின் பணியிடப் பாதுகாப்புத் துறை விசாரித்து, தயாரிப்பு நிறுவனத்துக்கு 1,36,793 டாலர் அபராதம் விதித்தது. பின்னர் சமரசத்தில் அது 1 லட்சம் டாலராகக் குறைந்தது. தொகையை விடுங்கள். ஷூட்டிங்கும் ஒரு பணியிடம்தான் என்று ஒரு அரசுத் துறை உள்ளே வந்து கேள்வி கேட்டது. நம்மிடம் பேச்சு போலீஸ் வழக்கோடும் நிதியுதவியோடும் நின்றுவிடுகிறது.

என்ன செய்யலாம்?

சிப்காட்டில் விபத்தே நடப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நடக்கிறது. ஆனால் கேட்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது. சினிமாவுக்குத் தேவை அதுதான்.

குத்தம்பாக்கம் இன்னும் கட்டி முடியவில்லை என்பது ஒரு விதத்தில் நல்ல வாய்ப்பு. தளத்தை வாடகைக்கு விடும்போதே நிபந்தனை வைக்கலாம்: ஒவ்வொரு கால்ஷீட்டுக்கும் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று ஒரே ஒருவரின் பெயர், உயரத்தில் ஏற பெர்மிட், பெல்ட் மாட்ட நிரந்தரக் கம்பி, கிரேனுக்குச் சோதனைச் சான்றிதழ். புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, வாடகை ஒப்பந்தத்தில் நாலு வரி சேர்த்தால் போதும். சுமார் 25,000 உறுப்பினர்கள் கொண்ட பெப்சி இதைக் கேட்டால் யாரும் தட்ட முடியாது.

கடைசியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில மாதம் முன்பு எங்கள் மாணவர் படத்துக்கு ஒரு இரவுக் காட்சி எடுத்தோம். நிலா வெளிச்சம் வேண்டுமென்று லைட்டை மாடி விளிம்பில் கட்டச் சொன்னேன். வந்திருந்த லைட்மேன் அண்ணன் மேலே பார்த்துவிட்டு, "கயிறு ஏதாச்சும் இருக்கா தம்பி?" என்றார். இல்லை. "சீக்கிரம் முடிச்சிடலாம்ணே" என்றேன். அவரும் ஏறினார், ஒன்றும் ஆகவில்லை, ஷாட் நன்றாக வந்தது.

அந்த ஷாட்டை இப்போது எடிட்டில் பார்க்கும்போதெல்லாம் நிலா தெரிவதில்லை, அந்த மாடி விளிம்புதான் தெரிகிறது. அன்றைக்கு அவர் விழுந்திருந்தால், யார் பொறுப்பு என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. நான்தான். அடுத்த ஷூட்டிங்கின் பட்ஜெட் தாளில் முதல் வரியாக பெல்ட்டும் கயிறும் எழுதியிருக்கிறேன். கேமரா வாடகை இரண்டாவது வரி.